மரிக்கொழுந்து வாசத்தில் ஒரு விடியற்காலை

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பைன்டேல் ஊருக்குப் போகும் 191-ஆம் நெடுஞ்சாலை ஓரம் காரை நிறுத்தி இறங்கியதும் முதலில் வந்தது வாசனைதான். முந்தின இரவு தூறல் போட்டிருந்தது. நண்பன் மூக்கை உறிஞ்சிவிட்டு, “டேய், மரிக்கொழுந்து மாதிரி இல்ல?” என்றான். சரியாகத்தான் பிடித்திருக்கிறான். நம் பூக்கடை மரிக்கொழுந்தும் இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாம்பல் பூத்துக் கிடக்கும் சேஜ்பிரஷ் புதரும் ஆர்ட்டிமிசியா என்ற ஒரே பேரினம். ஒரு இலையைக் கசக்கினேன். மரிக்கொழுந்தைவிடக் காட்டம், கொஞ்சம் கற்பூரமும் கலந்தது போல. விரல் நுனி அளவுதான் இலை, முனையில் மூன்று பல், மேலெல்லாம் வெள்ளி ரோமம்.

இந்தப் பக்கம் காரில் போகிற எவரும் “ஒண்ணுமே இல்லாத இடம்” என்றுதான் சொல்வார்கள். நானும் இரண்டு வருடம் முன்பு அப்படிச் சொன்னவன்தான். அப்புறம்தான் இந்தச் செடியை நம்பி வாழும் சேஜ் கிரவுஸ் என்ற பறவை பற்றித் தெரிய வந்தது. உள்ளூரில் ‘சேஜ் சிக்கன்’ என்கிறார்கள். கோழி இனம்தான், ஆனால் நம் கோழியிடம் இருக்கும், கல்லை வைத்து இரையை அரைக்கும் கெட்டியான இரைப்பை இதற்குக் கிடையாது. தானியம் செரிக்காது. குளிர்காலம் முழுக்க இந்தக் காட்டமான இலைதான் சாப்பாடு, அதைத் தின்றே பனியில் எடைகூட ஏறுகிறது. வேறு பிராணிகள் யோசித்துத் தின்னும் இலை அது. செடி போனால் இதற்குப் போக்கிடம் இல்லை.

வழியில் ஒரு முள்கம்பி வேலியில் மேல்கம்பி நெடுக வெள்ளை வினைல் துண்டுகள் மாட்டியிருந்தன. கல்யாண வீட்டுத் தோரணமோ என்று நண்பன் கேட்டான். பறவைக்குக் கம்பி தெரியட்டும் என்று மாட்டுகிறார்கள். ஆண்கள் கூடி ஆடிப் பெண்களைக் கவரும் களத்துக்கு இருட்டோடு தாழப் பறந்து வரும் கிரவுஸ், மேல்கம்பியில் மோதிச் செத்துவிடும். இந்தத் துண்டுகளை மாட்டிய இடங்களில் சாவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. எனக்கு ராஜஸ்தானில் மின்கம்பியில் அடிபடும் கானமயில் ஞாபகம் வந்தது. கனத்த உடம்பு, திறந்தவெளி, கண்ணுக்குத் தெரியாத கம்பி.

மறுநாள் காலை அந்த ஆட்டத்தைப் பார்க்க 4:30-க்குக் கிளம்பினோம். ஏப்ரல் நடுவில்கூடக் கண்ணாடியில் உறைபனி. இடத்தை இங்கே எழுதப் போவதில்லை, கூட்டம் சேர்ந்தால் பறவைக்குத்தான் தொந்தரவு. விதி எளிது: விடிய ஒரு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும், பறவைகள் தாமாகக் கலையும்வரை காரைவிட்டு இறங்கக் கூடாது. நண்பன் பிளாஸ்க்கிலிருந்து இரண்டு கப் காபி குடித்துவிட்டு, மூன்றாவதையும் ஊற்றிக்கொண்டான். பின்னால் அதற்கு வருந்தினான்.

இருட்டில் முதலில் சத்தம்தான் வந்தது. கிணற்றில் குடத்தை முக்கும்போது வருமே, அந்த ‘குளுக்’. பத்துப் பதினைந்து குடங்களை ஒரே நேரத்தில் முக்குவது போல. வெளுத்ததும் பார்த்தால் செடிகளுக்கு நடுவே கட்டாந்தரையில் ஆண் பறவைகள். எண்ணினேன், முப்பத்தொன்று. ஒன்று எங்கள் காரிலிருந்து இருபது அடியில் நின்றது. வால் இறகுகள் முள் முள்ளாக விசிறி போல் விரிந்திருக்க, மார்பில் வெள்ளைக் கம்பளிச் சால்வை. முன்னால் இரண்டு எட்டு வைத்து, சிறகை மார்பில் தேய்க்கும்போது சரக், சரக். அடுத்த நொடி சால்வைக்குள்ளிருந்து மஞ்சள் கலந்த பச்சையில் இரண்டு காற்றுப்பைகள் புடைத்து, குலுங்கி, ‘குளுக்’கென்று உள்ளே போயின. எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள். உடனே மறுபடியும். மூன்று கிலோ எடையை வைத்துக்கொண்டு இதையே விடாமல் செய்கின்றன. பெண் பறவைகளோ சந்தைக்கு வந்து எதையும் வாங்காதவர்கள் போல நடுவே நடந்தன. அவை பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்களையே தேர்ந்தெடுக்கும். மிச்சமுள்ளவர்கள் நாளைக்கும் வருவார்கள்.

இந்தக் களத்துக்கு ‘லெக்’ என்று பெயர். கெயில் பாட்ரிசெல்லி என்ற ஆய்வாளர் இதே மாநிலத்தில் பெண் பறவை வடிவில் ஒரு ரோபோவையே ஓட்டியிருக்கிறார், ஆண்கள் அதற்கும் ஆடிக் காட்டியிருக்கின்றன. அவரும் ஜெசிகா பிளிக்லி முதலானோரும் செய்த இன்னொரு சோதனைதான் என்னை உலுக்கியது. வயோமிங்கில் சில லெக்குகளில் ஒலிபெருக்கி வைத்து, எரிவாயு எடுக்கும் வயல்களின் சத்தத்தை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். லாரியும் இல்லை, கிணறும் இல்லை, வெறும் சத்தம். சாலைச் சத்தம் கேட்ட லெக்குகளில் ஆண்களின் வரத்து 73 சதவீதம் குறைந்தது, துளையிடும் சத்தத்தில் 29 சதவீதம். பைன்டேலுக்குத் தெற்கே நிஜமான எரிவாயு வயல்களே இருக்கின்றன.

ஏழரை மணி. பறவைகள் கலைவதாக இல்லை, நண்பன் நெளிந்துகொண்டிருந்தான். “இந்தக் களத்தைச் சுத்தி வேலி போட்டுப் பாதுகாத்துட்டா போதாதாடா?” என்றான், பேச்சை வேறுபக்கம் திருப்ப. போதாது. வயோமிங் 2008-இல் இந்தப் பறவைக்கான முக்கியப் பகுதிகளை வரையறுத்தபோது, அவற்றுக்குள் லெக்கைச் சுற்றி 0.6 மைலுக்கு எந்தக் கட்டுமானமும் கூடாது என்றது. ஆனால் பெண் பறவை இங்கிருந்து பல மைல் போய், ஒரு சேஜ்பிரஷ் அடியில் முட்டையிடும். குஞ்சுக்கு முதல் சில வாரம் எறும்பு, வண்டு வேண்டும். கோடை முற்றினால் ஈரமான புல்வெளி வேண்டும். குளிர்காலத்தில் பனிக்கு மேல் தலைநீட்டும் உயரச் செடி வேண்டும். அதனால்தான் அந்தப் பகுதிகளில் மொத்த நிலத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குலைக்கக் கூடாது என்ற வரம்பையும் வைத்தார்கள். என்னைக் கேட்டால் வட்டத்தைவிட இந்த வரம்புதான் உருப்படியானது.

2015-இல் அமெரிக்க மத்திய அரசு இந்தப் பறவையை அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்தது. பட்டியலில் வந்து கட்டுப்பாடுகள் இறுகிவிடுமோ என்ற பயத்தில்தான் பண்ணைக்காரர்களும் எண்ணெய்க்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஆனால் மேற்கே நெவாடா, ஐடஹோ பக்கம் சீட்கிராஸ் என்ற வந்தேறிப் புல் யாருடனும் பேச்சுவார்த்தைக்கு வருவதில்லை. கோடை தொடங்கும்போதே காய்ந்து தீப்பிடிக்கும். எரிந்த சேஜ்பிரஷ் தூரிலிருந்து மறுபடி துளிர்க்காது, விதையிலிருந்துதான் வர வேண்டும், பழைய உயரம் எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் அந்தப் புல் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த தீ இன்னும் சீக்கிரம் வரும். இந்தப் பறவை வாழ்ந்த நிலத்தில் ஏறக்குறையப் பாதி இப்படியும் உழவிலும் சாலையிலும் போய்விட்டது.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேலே ஒரு பொன்னிறக் கழுகு வட்டமிட்டது. ஆண்கள் மொத்தமும் ஒரே வீச்சில் எழுந்து பறந்தன. நண்பன் கதவைத் திறந்துகொண்டு ஓடப் பார்த்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன்: ஒரு பெண் பறவை மட்டும் பறக்காமல் களத்தின் ஓரத்தில் பதுங்கியிருந்தது.

கழுகு போனதும் அது நிதானமாக நடந்தது. முதல் செடியைத் தாண்டியது, இரண்டாவது செடி, அப்புறம் காணோம். இருநோக்கியில் அங்குலம் அங்குலமாகத் தேடினோம். பழுப்பும் சாம்பலும்தான்.

“எங்கடா போச்சு?”

“எங்கயும் போகல. அங்கயேதான் இருக்கு.”

அவனுக்கு இன்னும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.