குறைந்த வாடகை வீடுகளில் பணம் எங்கே கசிகிறது

குறைந்த வாடகைக்கு விட்டிருக்கும் 6 சிறிய வீடுகளைப் பல ஆண்டுகளாக நானே பார்த்துக்கொண்டு வருகிறேன். இதைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, வாடகை ஒழுங்காக வருகிறதா என்பதைத்தான். பெரும்பாலும் வந்துவிடுகிறது. வருகிற வாடகையில் என்ன மிஞ்சுகிறது என்பதே எனக்கு நெடுநாள் பிடிபடாத கணக்கு. வாடகை பாதி என்பதற்காகக் குழாய் பாதி விலைக்குக் கிடைப்பதில்லை. பிளம்பரும் பாதிக் கூலிக்கு வருவதில்லை. பெரிய வீட்டின் உரிமையாளர் ஒரு வார வாடகையில் முடித்துவிடும் பழுது, எனக்கு ஒரு மாத வாடகையையே விழுங்கிவிடும்.

ஆகவே பழுது சிறியதாக இருக்கும்போதே அது என் காதுக்கு வந்தாக வேண்டும். ஆனால் வருவதில்லை. ஒரு வீட்டில் சிங்கின் அடியில் இருந்த இணைப்பு தளர்ந்து, அந்த அம்மாள் பல மாதங்களாக ஒரு வாளியை வைத்து, தினமும் அதைக் கொட்டிவந்திருக்கிறார். கையால் இறுக்கியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம், அலமாரியின் அடிப்பலகை உளுத்து, அடுத்த வீட்டுச் சுவரில் ஈரம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, பழுது பார்த்த கையோடு வாடகையை ஏற்றிவிடுவேனோ என்று பயந்ததாகச் சொன்னார். அவர் மீது கோபப்பட எனக்கு எந்த நியாயமும் இருக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன் ஒருமுறை, வேறொரு வீட்டில், நான் அப்படிச் செய்திருந்தேன்.

அதன்பிறகு இரண்டு ஏற்பாடுகளைச் செய்தேன். வாடகை உயர்வு ஆண்டுக்கு ஒருமுறை, ஒப்பந்தத்தில் எழுதிய தேதியில் மட்டுமே, பழுதுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எல்லோருக்கும் எழுத்தில் கொடுத்தேன். முன்கூட்டியே நாள் சொல்லிவிட்டு, ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு வீட்டையும் நேரில் பார்க்கத் தொடங்கினேன். சொட்டும் குழாயை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டுகள், 20 சொட்டுகளை ஒரு மில்லி லிட்டராகக் கொண்டாலும் 4 லிட்டருக்கு மேல். கழிப்பறையின் பிளஷ் தொட்டி இன்னும் மோசம், சத்தமே இல்லாமல் ஒழுகும். தொட்டிக்குள் சில சொட்டு உணவு நிறமியை விட்டு, தண்ணீர் திறக்காமல் அரை மணி நேரம் காத்திருந்தால், ஒழுக்கு இருக்கும் பட்சத்தில் நிறம் கீழே கோப்பையில் தெரிந்துவிடும். மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் மின் பலகையில் இருந்தால், அதன் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிடுகிறேன்; அது இல்லாத வீட்டில் வேறு எந்தச் செலவுக்கும் முன்னால் அதைத்தான் பொருத்த வேண்டும் என்பது என் முடிவு.

ஓதம், அதாவது சுவர் ஈரம்தான் எனக்கு அதிகம் பாடம் கற்பித்தது. சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருக்கிறது என்று சொன்ன ஒரு வீட்டுக்கு இருமுறை வண்ணம் பூசி, இருமுறையும் காசை இழந்தேன். ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வந்து குளிர்ந்த சுவரில் படிகிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். சுவரில் ஒரு சாண் இடத்தைத் துடைத்து உலர்த்தி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, 2 நாள் விட்டுவைத்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளிகள் இருந்தால் குழாய் ஒழுக்கையோ, கூரைக் கசிவையோ, அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரத்தையோ தேட வேண்டும். தாளின் அறையைப் பார்த்த பக்கத்தில் துளிகள் இருந்தால், சமையலிலும் குளியலிலும் எழும் ஆவி வெளியேற வழியில்லை என்று பொருள். அந்த வீட்டில் இரண்டாவதுதான் காரணம். வீட்டுக்குள் துணி உலர்த்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவது எளிது; ஆனால் உலர்த்த வேறு இடமே இல்லாத ஒற்றை அறை வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டவன் நான். வெளியே கூரைக்கடியில் ஒரு கொடியும், குளியலறையில் ஒரு காற்றுப்போக்கி விசிறியும் வைத்தேன். மூன்றாவது முறை வண்ணம் பூசும் செலவை விட இது குறைவு.

இருப்பவரை அனுப்பிவிட்டுக் கூடுதல் வாடகைக்குப் புதியவரை வைக்கும் ஆசை எல்லா உரிமையாளருக்கும் வரும். ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் அந்த ஆண்டின் வாடகையில் 8 விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. புதியவர் 5 விழுக்காடு கூட்டிக் கொடுத்தாலும், அந்த ஆண்டில் சேர்வது பழைய வாடகையில் 11.55 மாதத்துக்குரிய தொகைதான். இழந்த மாதத்தை ஓராண்டுக்குள் ஈடுகட்டவே 9 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற வேண்டும். சுண்ணாம்பு, பூட்டு மாற்றுவது, தரகு இவற்றை இன்னும் சேர்க்கவில்லை.

வாடகை தாமதமாவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். வாரக் கூலி வாங்குபவரிடம் மாதத் தொகையை மொத்தமாகக் கேட்பதை விட, அவருக்குக் கூலி வரும் நாளை ஒட்டிப் பிரித்து வாங்கினால் நிலுவை குறைகிறது. எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது கொடுத்துவிட வேண்டும். நிலுவைக்காகத் தண்ணீரை நிறுத்துவதும் பூட்டை மாற்றுவதும் பல நாடுகளில் சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, அப்படிச் செய்த வீட்டிலிருந்து யாரும் அதன்பிறகு ஒழுக்கைப் பற்றித் தகவல் சொல்லப்போவதில்லை.

இப்போது 6 வீடுகளுக்கும் ஒரே வகைக் குழாய், ஒரே வகைப் பூட்டு, ஒரே வண்ணம். ஒரு பெட்டி வாஷரும் ஒரு டப்பா வண்ணமும் எப்போதும் கைவசம் இருக்கின்றன. ஒரு சுவரில் கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் தொட்டுப் பூசிவிட முடிகிறது. அந்த வெளிர் மஞ்சள் எனக்கே பிடிக்காது. ஆனால் அதே வண்ணம் கடையில் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை மாற்றுவதாக இல்லை.