விறகு உங்களுக்கு, கூலி எனக்கு

புரட்டாசி பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வீட்டு மேல் சாய்ந்திருக்கும் கிளையை எடுத்துவிட வேண்டும் என்று மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்திலிருந்தெல்லாம் கூப்பிடுவார்கள். அதில் பாதிப் பேர் கேட்பது இதுதான்: "தம்பி, மரத்தை மொட்டை அடிச்சுட்டு விறகை நீங்களே எடுத்துக்கிறீங்களா?" கூலி கிடையாது, வெட்டின மரம்தான் கூலி என்று அர்த்தம். நான் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. விறகு உங்களுக்கு, கூலி எனக்கு என்பேன். சிலர் அதோடு போனை வைத்துவிடுவார்கள்.

காசு ஆசையில் சொல்வதில்லை. விறகுக்காக மரம் ஏறுகிறவன் கண் பருத்த கிளை மேல்தான் போகும். செங்கல் காளவாய்க்கு எடை போடுகிற இடத்தில் சுள்ளிக்கு மதிப்பில்லை. ஆனால் மரத்தில் பல சமயம் எடுக்க வேண்டியது சுள்ளியும் காய்ந்த கொம்பும் ஒன்றோடொன்று உரசும் கிளையும்தான். பருத்த கிளை மரத்துக்குச் சோறு போடுகிற கிளை. கூலி எதில் வருகிறதோ அந்தப் பக்கம்தான் அரிவாளும் சாயும்.

இதை நான் தெரிந்துகொண்டது என் கையால் கெடுத்த ஒரு மரத்தில். பத்தொன்பது வயதில் பெரியப்பாவோடு தென்னை ஏறத் தொடங்கியவன் நான். அப்புறம் வேம்பு, புளி, தூங்குமூஞ்சி என்று எல்லா மரத்திலும் ஏறினேன். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தை, கேட்டபடியே, கைகளை வெட்டிவிட்ட மாதிரி மொட்டை அடித்தேன். ரெண்டே வருஷத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்தது. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், எனக்கும்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. விடிந்து போய்ப் பார்த்தால், தொடை பருமனுக்கு வளர்ந்திருந்த அந்தப் புதுக் கிளைகள் வரிசையாகப் பிய்ந்து கிடந்தன. ஒன்று மாட்டுக் கொட்டகையின் ஓட்டை நொறுக்கியிருந்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விழுந்த கிளையின் அடியைப் புரட்டிப் பார்த்தேன். பட்டையும் அதன் கீழே கொஞ்சம் மரமும்தான் தண்டோடு ஒட்டியிருந்திருக்கிறது. உள்ளே, நான் வெட்டிய பழைய இடம் கறுத்து ஈரமாகி, விரலால் அமுக்கினால் நசுங்கியது. இயல்பாக வளர்ந்த கிளையின் அடி வருஷா வருஷம் தண்டோடு சேர்ந்து பருக்கிறது. மொட்டை அடித்த இடத்தில் கிளம்புகிற கிளைக்கு அந்தப் பிடிப்பு இல்லை. மரம் பட்டினியில் அவசர அவசரமாகத் தள்ளிய கிளை அது. அதற்குப் பிறகு நான் எந்த மரத்தையும் மொட்டை அடிக்கவில்லை.

இப்போது ஒரு தடவையில் கால்பங்கு இலைக்கு மேல் எடுப்பதில்லை. முதலில் காய்ந்தது, அப்புறம் ஒடிந்தது, அப்புறம் உரசுவது. காற்று ஊடே புகுந்து போகிற மாதிரி இருந்தால் போதும். வெட்டும் இடம்தான் முக்கியம். கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால், சட்டைக் கழுத்துப் பட்டி மாதிரி ஒரு தடிப்பு தெரியும். அந்தத் தடிப்பில் ரம்பம் படக் கூடாது. அதை ஒட்டி, அதற்கு வெளியே அறுக்க வேண்டும். தண்டோடு வழித்து அறுத்தால் புண் பெரிதாகும். முழ நீளம் குச்சி விட்டு அறுத்தால் அது காய்ந்து, அதன் வழியே அழுகல் உள்ளே இறங்கும். தடிப்பை விட்டு அறுத்த இடத்தில் புதுப் பட்டை நாலா பக்கமும் உருண்டு வந்து மூடும். சாணி பூசவா, தார் பூசவா என்று கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம். நம் தோலில் புண் ஆறுவது மாதிரி மரத்தில் ஆறுவதில்லை. கெட்ட பகுதியை உள்ளே அடைத்துப் பூட்டிவிட்டு, மேலே புதிதாக வளர்ந்து மூடிக்கொள்கிறது. நாம் பூசுவது பல சமயம் ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதோடு சரி.

பெரிய கிளை என்றால் மூன்று அறுப்பு. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மேல்நோக்கி முதல் அறுப்பு. இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி, மேலிருந்து ரெண்டாவது. அப்போது கிளை ஒடிந்து விழும், ஆனால் பட்டையைத் தண்டு வரை உரித்துக்கொண்டு போகாது. மிச்சமிருக்கும் கட்டையைத் தடிப்புக்கு வெளியே மூன்றாவதாக நிதானமாக அறுக்கலாம். புதுப் பையன்கள் முதல் அறுப்பைத் தாண்டிப் போகத்தான் பார்ப்பார்கள். பட்டை உரிந்த மரத்தை ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டினால் அப்புறம் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டு வீட்டுக்கு மேலே இருக்கும் கிளையைக் கயிற்றில்தான் இறக்க வேண்டும். ஒரு அடி விட்டம், பத்து அடி நீளமுள்ள பச்சைக் கட்டை 200 கிலோ கிட்ட வரும். அது கயிற்றில் விழுந்து நிற்கும்போது கயிறு தாங்க வேண்டியது அதைப் போலப் பல மடங்கு. அதனால் கீழே நிற்பவர் பக்கத்து மரத்தின் அடியில் ரெண்டு சுற்றுப் போட்டு, கயிற்றை இழுத்து நிறுத்தாமல் வழுக விட்டு இறக்குவார். நான் மேலே இருக்கும்போது என் உயிர் அவர் கையில். எங்கள் வேலையில் மேலே ஏறுகிறவனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஏறுவதற்கு முன்னால் அரை மணி நேரம் அடியில் செலவழிப்பேன். அரிவாளைத் திருப்பிப் பிடித்துத் தண்டைச் சுற்றித் தட்டினால், கெட்டியான இடம் "டக்" என்று வெட்டென்று நிற்கும். பொந்து விழுந்த இடம் பானையைத் தட்டினது போல முழங்கும். அடியில் காளான் தட்டு தட்டாக இருந்தால் நான் ஏறுவதில்லை. மின்கம்பி போகிற இடமானால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் அரிவாளே தொடுவேன். அப்புறம் கதண்டு என்கிற விஷ வண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டைக் கண்டால் இறங்கி, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதுதான் வேலை.

நம் வண்டல் மண்ணில் தண்ணீர் மேலேயே இருப்பதால் வேர் ஆழம் போவதில்லை. மேல் மூன்று அடிக்குள் படர்ந்து, இலை விழும் எல்லையைத் தாண்டியும் ஓடும். மழையில் சேறாகும்போது, ஒரு பக்க வேரைக் குழாய்க்கோ மதில் சுவருக்கோ தோண்டி வெட்டியிருந்தால், அந்தப் பக்கம் பிடிப்பில்லாமல் மரம் அடியோடு சாயும். கஜாவில் அப்படிச் சாய்ந்தவை எத்தனை! "மரம் பலமில்லை தம்பி" என்பார்கள். எந்த வருஷம் பள்ளம் தோண்டினீர்கள் என்று கேட்டால் ஞாபகத்துக்கு வரும்.

தென்னை தனி ஜாதி. அதன் தண்டில் பட்ட காயம் என்றைக்கும் மூடாது. ஏறுவதற்குப் படி கொத்திய மரத்தில் அந்தக் கொத்து கடைசி வரை அப்படியே இருக்கும், பச்சைப் புண் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். அதனால் காலில் மாட்டி ஏறும் தளைக்கயிறுதான், கொத்து கூடாது. அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்தால் தஞ்சாவூர் வாடல் நோய். 1952-ல் தஞ்சாவூர் ஜில்லாவில் கண்டதால் இந்தப் பேர். வாடல் கண்ட தோப்பில் வருஷத்துக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடச் சொல்வேன். நோய் முற்றிய மரத்தை வேரோடு எடுத்துத் தோப்பை விட்டு வெளியே எரிப்பதுதான் மற்ற மரங்களுக்கு நல்லது. அதைச் சொல்லும்போது தோப்புக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது.

போன மாசியில் வலங்கைமான் பக்கம் ஒரு அம்மா வீட்டு வேம்புக்குப் போனேன். வேம்பு இலை உதிர்க்கிற நேரம், கழிப்பதற்குத் தோதான பருவம். நாலு வருஷத்துக்கு முன்னால் அதே மரத்தில் வாசல் பக்கத்துக் கிளையை எடுத்திருந்தேன். "அந்த இடத்தைப் பாருங்க தம்பி" என்று அந்த அம்மாவே ஏணி போட்டுக் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்த வெட்டு சுற்றிலும் உருண்டு வந்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் திறந்திருந்தது. அதன் விளிம்பில் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன். பட்டை குழந்தைத் தோள் மாதிரி வழுவழுப்பாக, வெயிலில் லேசாகச் சூடாக இருந்தது. கழித்த சுள்ளியையெல்லாம் அந்த அம்மா அடுப்புக்கு அடுக்கி வைத்துவிட்டு, கூலியோடு ஒரு சொம்பு மோரும் கொடுத்தார்.