தலைகீழாகப் படித்த 98

2021 ஆகஸ்டில், மலேசியாவில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் கொரோனா தொற்றுப் பதிவாகிக்கொண்டிருந்த நேரத்தில், சுங்கை சிப்புட்டில் இருந்த என் அப்பாவுக்கும் காய்ச்சல் கண்டது. நான் கிள்ளானில் இருந்தேன். மாநில எல்லையைக் கடக்க அனுமதியில்லை. விரலில் மாட்டினால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றை வாங்கி அஞ்சலில் அனுப்பிவிட்டு, "பெரிய எண்ணை மட்டும் பாருங்கம்மா, 95க்குக் கீழே போனால் உடனே கூப்பிடுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். ஆறாம் நாள் காலையில் அம்மா அழைத்தார். "98 காட்டுது தம்பி, அப்பா நல்லாத்தான் இருக்காரு" என்றார்.

அப்பாவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லி, பசியாறிவிட்டாரா என்று கேட்டேன். "தோசை" என்றார், ஒரு மூச்சு. "ரெண்டு" என்றார், இன்னொரு மூச்சு. முப்பது ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், ஒரு நிரையிலிருந்து குரல் கொடுத்தால் அடுத்த மேட்டில் இருப்பவருக்குக் கேட்கும், அப்படிப்பட்ட மனிதர். காணொளி அழைப்புக்கு மாறச் சொன்னேன். அப்பா நாற்காலியில் கையை முழங்காலில் வைத்து அமர்ந்திருக்க, அம்மா எதிரே நின்று கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்கள் அப்பாவின் பக்கம் நேராக இருந்தன. அம்மா பார்த்ததோ அவற்றைத் தலைகீழாக. அது 98 அல்ல, 86. குச்சி குச்சியாகத் தெரியும் அந்த எழுத்தில் 86ஐக் கவிழ்த்தால் அப்படியே 98 ஆகிவிடும். நம்பாதவர்கள் கால்குலேட்டரில் தட்டித் திருப்பிப் பார்க்கலாம்.

அவசர உதவி எண் 999க்கு அழைத்தோம். ஊர் மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்து, அன்று மாலையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போவுக்கு மாற்றினார்கள். பதினோரு நாளில் வீடு திரும்பினார். பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்த குற்றம் என்னுடையது. இப்போது அந்தக் கருவியின் மேற்புறத்தில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. பொட்டு மேலே இருந்தால்தான் எண் நேர்.

சொல்லாமல் விட்ட மீதிப் பாதியை இங்கே எழுதிவைக்கிறேன். அந்தக் கருவி விரலுக்குள் சிவப்பொளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பொளியையும் பாய்ச்சி, எது எவ்வளவு மறுபக்கம் வந்து சேர்கிறது என்று அளக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் சிவப்பொளியைப் பெருமளவு விட்டுவிடும். சுமக்காதது அதை விழுங்கிவிடும். துடிக்கும் இரத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து இந்த இரண்டையும் ஒப்பிடலாம் என்று கண்டவர் தக்குவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். 1974இல் அதை வெளியிட்டார். உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார்.

நலமாக இருப்பவருக்கு எண் 95க்கும் 100க்கும் இடையில் நிற்கும். 98 நேற்று, 96 இன்று என்பதற்கெல்லாம் கலங்க வேண்டியதில்லை, ஏனெனில் வீட்டுக் கருவிகள் இரண்டு மூன்று விழுக்காடு கூடவோ குறையவோ காட்டக்கூடியவை. 93, 94 என்று நின்றால் சற்று ஓய்வெடுத்து மீண்டும் அளந்து, மாறாவிட்டால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். 92 அல்லது அதற்குக் கீழே என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 90க்கு மேல் இந்தக் கணக்கு மெல்லச் சரியும் மேட்டுநிலம் போன்றது; அதற்குக் கீழே மலைத்தோட்டத்துச் செங்குத்துச் சரிவு, நுரையீரல் இன்னும் கொஞ்சம் தளர்ந்தாலும் எண் சடசடவென்று இறங்கிவிடும். நெடுங்காலம் புகைபிடித்து நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர்களில் சிலருக்கு மட்டும் மருத்துவரே 88 முதல் 92 வரை போதும் என்று வரையறுத்திருப்பார். அவர்கள் அந்த எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும்; வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் அதைத் தாமாகக் கூட்டினால் இரத்தத்தில் கரியமிலவாயு தேங்கி மயக்கத்தில் ஆழ்த்திவிடும். ஆக்சிஜன் இயந்திரம் ஓடும் அறையில் சாமி விளக்கு ஏற்றக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும், நம் வீடுகளில் சாமி மேடை பெரும்பாலும் கூடத்திலேயே இருப்பதால்.

அளப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது அமர்ந்திருக்க வேண்டும். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, மேசைமேல் அசையாமல் வைத்து, எண் தாவுவது நின்று ஒரு நிலைக்கு வரும்வரை அரை நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் ஒளியை மறிக்கும் என்பதால் கல்யாண வீட்டிலிருந்து வந்த விரலைத் தவிர்ப்பது நல்லது. கருவியில் இரண்டு எண்கள் இருக்கும்: விழுக்காட்டுக் குறி உள்ளது ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. காய்ச்சலில் நாடி 98 ஆக இருப்பது இயல்பே. அதை ஆக்சிஜன் என்று படித்து நிம்மதியடைந்தவர்களையும் நான் அறிவேன்.

நம்மைப் போன்ற கருநிறத்தவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் இரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தவை வெள்ளையரில் ஏறக்குறைய 4 விழுக்காடு, கறுப்பினத்தவரில் ஏறக்குறைய 12 விழுக்காடு. அதாவது தோல் கருத்தவரிடம் இந்தக் கருவி சில வேளைகளில் இருப்பதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. ஆகவே 94 என்று கண்டால் நான் அதை 94 என்று முழுதாக நம்புவதில்லை. உதடு நீலமாகிறதா என்று பார்ப்பதும் நம் நிறத்தில் எளிதன்று. நாக்கையும் ஈறையும் உதட்டின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

புகையில் சிக்கியவரிடம் இது அடியோடு ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் கருவி ஆக்சிஜன் என்றே எண்ணிவிடுவதால், கதவடைத்த அறையில் கரியடுப்பு மூட்டியோ, மூடிய கொட்டகையில் வண்டியை ஓடவிட்டோ தலைசுற்றி விழுந்தவருக்கு எண் 99 காட்டலாம். இரத்தச்சோகையின் கதை வேறு. அப்பாவிடம் அதை, ரப்பர்ப் பால் சுமக்கும் காண்டா வாளியை ஹீமோகுளோபினாகவும் பாலை ஆக்சிஜனாகவும் வைத்து விளக்கினேன்: பத்து வாளியும் நிறைந்திருந்தால் 100 விழுக்காடு, ஐந்தே வாளி இருந்து ஐந்தும் நிறைந்திருந்தாலும் 100 விழுக்காடுதான், ஆனால் பால் சேர்க்கும் கொட்டடிக்கு வந்து சேருவது பாதி. "அப்ப தோட்டத்துக் கிராணி கணக்கு மாதிரியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஆக, மூச்சை எண்ணக் கற்றுக்கொள்வது கருவி வாங்குவதைவிட முக்கியம் என்பதே என் கருத்து. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். ஒரு மாலை எதிர்வீட்டு அக்கா இழுப்போடு வந்து விரலை நீட்டினார், 97 காட்டியது. ஆனால் கழுத்து நரம்பு புடைக்க அவர் விட்ட மூச்சை அம்மா கடிகாரம் பார்த்து எண்ணினார், 34. எண்ணை ஒதுக்கிவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஆஸ்துமாவில் உடல் வேகவேகமாக இழுத்து எண்ணைக் காப்பாற்றிவிடும், அது இறங்கும்போது நேரம் கடந்திருக்கும் என்று அங்கே மருத்துவர் சொன்னார். கொரோனாவில் நேர்மாறாக, எண் இறங்கியும் மூச்சுத்திணறலே தெரியாமல் போவதுண்டு; மூச்சுக்காக நம்மைத் தவிக்கவைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அன்று, கரியமிலவாயு மிகுதி. எனவே நெஞ்சுவலி, திடீர்க் குழப்பம், எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமை, குழந்தையென்றால் விலா உள்வாங்குதல், பால் குடிக்க மறுத்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் கருவியைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

தோட்டத்தின் உள்ளே இன்னும் லயத்து வீடுகளில் இருப்பவர்கள், செம்மண் சாலையில் ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் எடுத்து, பட்டணத்தில் இருப்பவர்களைவிட முன்னதாகவே முடிவெடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் இருக்கிறது. அப்பாவின் மருந்துகள், வழக்கமான எண், வீட்டு முகவரி, "கோயிலுக்கு எதிர்ச்சந்து, மூன்றாம் வீடு" என்பது மலாயில். 999இல் பேசுபவர் கேட்டால் அம்மா அதைப் பார்த்து அப்படியே படிப்பார். அதற்குள் யாராவது டார்ச் விளக்கோடு முச்சந்தியில் போய் நின்றுவிட வேண்டும்.