இரண்டாம் முறை ஹெட்டைக் கழற்றிய கதை

மாருதி ஆம்னி வேனில் இன்ஜின் சூடு ஏறினால் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளுக்கு முன்னால் நம் பின்புறத்துக்குத்தான் சேதி வரும். இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறதே! ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அன்றைக்கு 14-வதிலேயே உட்கார முடியவில்லை. பின்னால் லீ பஜாரில் ஏற்றிய அரிசியும் எண்ணெய் டின்களும். முள்ளைப் பார்த்தால் இறங்கியிருந்தது. சரி, தணிந்துவிட்டது, இன்னும் ஆறு வளைவுதானே என்று ஓட்டிக்கொண்டே கடைக்கு வந்துவிட்டேன். ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து தண்ணீரே இல்லை என்பதும், தண்ணீர் இல்லாவிட்டால் முள் பொய் சொல்லும் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஆறு வளைவுக்கு மொத்தம் 11,000 ரூபாய் ஆனது.

சூட்டில் கெட்டது இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட். அதற்கு முதலில் 4,300. சேலத்தில் ஒரு பட்டறை. ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தகடு, ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவும் ஃபேஸிங், வால்வை அரைத்து உட்கார வைக்கும் கிரைண்டிங் எல்லாம் சேர்த்து மறுநாளே வண்டி கைக்கு வந்தது. மூன்றாவது வாரம் காலையில் வெள்ளைப் புகை. மார்கழியில் மலைமேல் யார் வண்டியில்தான் புகை வராது என்று பத்து நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் காபி நுரை மாதிரி ஒட்டியிருந்தது. தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது.

இந்த முறை மச்சான் சொல்லி, கொண்டலாம்பட்டியில் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் உடனே சீவும் மெஷினைத் தொடவில்லை. ஹெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, வால்வுக்குப் போகும் துளைகளில் (போர்ட்) மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, “கொஞ்சம் இருங்க தம்பி” என்று டீ வாங்கப் போய்விட்டார். திரும்பி வரும்போது மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்தில் ஈரம் கசிந்திருந்தது. “வால்வைப் பிடிக்கிற கைடு தேஞ்சு போச்சுங்க. ஆடுற வால்வை எத்தனை அரைச்சாலும் சீட் வளையத்துல உக்காராது.”

அடுத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேலும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்தால் வேலை இருக்கிறது என்றார். வளைவே இல்லை, பழைய பட்டறை அதை மட்டும் ஒழுங்காகச் சீவியிருந்தது. பிறகு தண்ணீர் வழிகளையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்து, காற்றை ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் முக்கினார். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவிலிருந்து கடுகு கடுகாகக் குமிழிகள். விரிசல், தலைமுடி அளவுதான். அலுமினிய ஹெட் காய்ந்தால் அந்த இடத்தில்தான் முதலில் விடுமாம்.

ஆர்கான் வெல்டிங், புது சீட், கைடு, வால்வு சீல், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 6,700. அதில் அந்தத் தொட்டி வேலைக்கு வெறும் 300! அதைச் செய்யாமல் விட்ட முதல் பட்டறைக்காரரைத் திட்டத்தான் நினைத்தேன். ஆனால், “குறைச்சுப் பண்ணிக் குடுங்கண்ணா” என்று கேட்டது நான்தானே.

வெல்டிங் வைத்ததால் மறுபடியும் ஃபேஸிங். அதிகம் சீவினால் சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) ஏறி இன்ஜின் தட்டும் என்று, மேடு போகிற அளவுக்குத்தான் எடுத்தார். “ரெண்டு தடவை சீவியாச்சு. மூணாவது தடவை இதைத் தூக்கிட்டு வராதீங்க.”

இரண்டு மாதமாக ரேடியேட்டர் தண்ணீர் டப்பாவில் (ரிசர்வாயர்) தண்ணீர் அளவுக்கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஆனாலும் வீட்டுக்காரி இன்னும் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.