உலக உணவு அலமாரியில் மேரி

லண்டனில் பெரிய கடைக்குள் நுழைந்து பிஸ்கட் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாலும் மேரி பிஸ்கட் பெரும்பாலும் கண்ணில் படாது. நாலு வரிசை தள்ளி, 'உலக உணவு' என்று பலகை தொங்கும் இடத்தில், துவரம் பருப்புக்கும் தேங்காய்ப்பால் டின்னுக்கும் நடுவில் பார்லே-ஜியை ஒட்டி நின்றுகொண்டிருக்கும். சேலத்திலிருந்து வந்து இறங்கிய கையோடு பார்ப்பவருக்கு, ஊர்க்காரரை பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி சந்தோஷம். அப்புறம்தான் சுருக்கென்று தைக்கும். மேரி பிறந்ததே இந்த லண்டனில்தான். 1874-ல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகள் மரியாவுக்கும் விக்டோரியா ராணியின் மகனுக்கும் நடந்த கல்யாணத்தை ஒட்டி, பெர்மண்ட்சியில் இருந்த பீக் ஃப்ரீன் கம்பெனி மணப்பெண் பேரில் போட்ட பிஸ்கட் அது. போர்பனும் அதே கம்பெனிச் சரக்கு, 1910-ல் வந்தது. போர்பனுக்கு இன்றும் உள்ளூர் வரிசையில் இடம் இருக்கிறது. மேரிக்குத்தான் பிறந்த ஊரிலேயே வெளியூர்க்காரி பட்டம்.

நைஸ் பிஸ்கட்டிலும் இப்படி ஒரு குட்டு விழும். மேலே சர்க்கரை தூவிய, தேங்காய் வாசம் அடிக்கும் அதை இங்கே நிறையப் பேர் 'நீஸ்' என்கிறார்கள், பிரான்சில் இருக்கும் ஊர்ப் பேரைப் போல. தலைமுறை தலைமுறையாக 'நைஸ்' என்று சொல்லியே தின்று தீர்த்தவர்கள் நாம். திருத்திக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

இங்கிலாந்து பிஸ்கட்டுகளில் சேலத்து நாக்கோடு சீக்கிரம் சிநேகம் ஆவது டைஜெஸ்டிவ். மெக்விட்டி கம்பெனி 1892-ல் கொண்டுவந்தது. சமையல் சோடா வயிற்றுக்கு நல்லது என்று நம்பிய காலம், அதனால் செரிமானம் பேரிலேயே ஏறிவிட்டது. முழுக்கோதுமை நறநறப்பும் அடியில் ஒரு சிட்டிகை உப்பும் இருப்பதால் நமக்குப் பிடிக்கிறது. சிக்கல் எல்லாம் டீயில் முக்கும்போதுதான். சூடான டீ உள்ளே ஏற ஏற சர்க்கரை கரைந்து மாவு இளகி, மூன்று எண்ணுவதற்குள் பாதி பிஸ்கட் கோப்பையின் அடிக்குப் போய்விடும். பிஸ்கட்டை எப்படி முக்குவது என்று கணக்குப் போட்டதற்காக லென் ஃபிஷர் என்ற இயற்பியலாளருக்கு 1999-ல், சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிக்குத் தரும் இக் நோபல் பரிசே கொடுத்தார்கள். செங்குத்தாக இறக்காமல் படுக்கைவாட்டில் பிடித்து, மேல்பக்கம் நனையாமல் அடிப்பக்கத்தை மட்டும் டீயில் தொட வேண்டும். நனையாத பக்கம் நனைந்த பக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். வாயகன்ற கோப்பையில் இது சாத்தியம். சேலம் ஐந்து ரோட்டு டீக்கடை கிளாசில் பிஸ்கட்டைப் படுக்க வைக்க எங்கே இடம்? பாதியாக உடைத்து, நுனியை நனைத்து, உடனே வாயில் போடுவதுதான் அங்கே முறை. யாரும் பரிசு தரவில்லை.

இஞ்சி பிஸ்கட் நன்றாக இருக்கும். சுக்குக் காப்பி குடித்து வளர்ந்தவர்களுக்குக் காரம் போதாது, ஆனால் கல் மாதிரி கெட்டி என்பதால் டீயில் தைரியமாக விடலாம். ரிச் டீ என்ற பிஸ்கட் வெறும் சப்பை, காய்ச்சல்காரருக்குத்தான் ஆகும். கஸ்டர்ட் கிரீம் இரண்டாவது கடியிலேயே திகட்டும். கரிபால்டி என்று உலர்திராட்சையை வைத்து நசுக்கியது ஒன்று உண்டு. அதற்கு இங்குள்ளவர்களே 'நசுங்கிய ஈ பிஸ்கட்' என்று பட்டப்பெயர் வைத்திருப்பதால் நாம் தனியாகத் திட்ட வேண்டியதில்லை. தட்டை நீட்டும்போது மரியாதைக்கு ஒரு தடவை "வேண்டாங்க" என்று சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தட்டு அடுத்த ஆளிடம் போய்விடும்.

ஆக, பழகிவிடலாம். ஆறு மாதம் போதும். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டும் நவம்பரில் நாக்கு கேட்பது இந்தப் பாக்கெட்டுகளை அல்ல. செவ்வாய்ப்பேட்டையில் சாமான் வாங்கித் திரும்பும் வழியில், பேக்கரிக் கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்து எடை போட்டுக் காகிதத்தில் மடித்துத் தரும் உப்பு பிஸ்கட். ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிவதற்குள் வயிறு புரளாமல் இருக்க, எலுமிச்சம்பழத்தோடு கைப்பையில் வரும் அதே பிஸ்கட். வாயில் வைத்ததும் முதலில் உப்பு, பின்னாலேயே இனிப்பு, கடிக்கத் தேவையில்லாமல் பொலபொலவென்று உதிரும். இதற்கு இங்கிலாந்தில் ஜோடியே கிடையாது. கிராக்கர் என்று விற்பதில் உப்பு உண்டு, இனிப்பும் கொழுப்பும் போதாது. ஸ்காட்லாந்து ஷார்ட்பிரெட் ஒன்றுதான் உறவுமுறை சொல்லிக்கொள்ளக் கிட்டே வரும். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு என்பது அதன் கணக்கு. அதில் சர்க்கரையைக் குறைத்து உப்பைக் கூட்டினால் பாதி வழி வந்தாச்சு.

மீதி வழிக்கு அளவு இது. மைதா 250 கிராம், டால்டா மாதிரி கெட்டிக் கொழுப்பு 110 கிராம், மாவாகப் பொடித்த சர்க்கரை 40 கிராம், தூள் உப்பு 6 கிராம், பால் 2 மேசைக்கரண்டி. டால்டாவுக்குப் பதில் வெண்ணெய் என்றால் 130 கிராம். டால்டா முழுக்கக் கொழுப்பு, வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு போலத் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஈடுகட்டப் பாலை 1 மேசைக்கரண்டியாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்கட் கெட்டியாகிவிடும். கொழுப்பையும் சர்க்கரையையும் வெள்ளையாக நுரைக்கும்வரை தேய்த்து, உப்பு சேர்த்து, மாவைக் கொட்டி, பாலையும் விட்டு விரல் நுனியால் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சப்பாத்திக்குப் பிசைகிற கையை இங்கே கட்டிப்போட வேண்டும். பிசையப் பிசைய மாவில் இழுவை வரும், உதிர வேண்டிய பிஸ்கட் தட்டுவடைபோல நொறுங்கும்.

மாவு வாங்குவதில்தான் புதிதாக வந்தவர்கள் ஏமாறுவது. கடையில் மூன்று வெள்ளை மாவு அடுத்தடுத்து இருக்கும். 'ஸ்ட்ராங்' என்று போட்டது ரொட்டிக்கு, புரதம் அதிகம், வேண்டாம். 'செல்ஃப் ரெய்சிங்' மாவில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும், பிஸ்கட் கேக் மாதிரி உப்பிவிடும். 'ப்ளெயின்' என்பதுதான் நம் மைதாவுக்கு ஈடு.

இவ்வளவும் சரியாகச் செய்தும், ஏதோ குறைகிறது, பேக்கரிக் கைப்பக்குவம் வரவில்லை என்பார்கள். குறைவது பெரும்பாலும் அமோனியாதான். நம்மூர் பேக்கரிகளில் அமோனியா என்று சொல்லும் அமோனியம் பைகார்பனேட், சூட்டில் முழுவதும் வாயுவாகவும் ஆவியாகவும் பிரிந்து வெளியேறி, பிஸ்கட்டுக்குள் பொடிப்பொடி ஓட்டைகளை மட்டும் விட்டுப்போகும். சமையல் சோடா அப்படி முழுக்கப் போகாது. கூடினால் சோப்புச் சுவையும் பழுப்பு நிறமும் தங்கிவிடும். இங்கே அமோனியாவைப் போலந்துக்காரர் கடையில் 'அமோனியாக்' என்று சிறு பாக்கெட்டில் விற்கிறார்கள். மேலே சொன்ன அளவுக்கு 2 கிராம் போதும், பாலில் கரைத்துச் சேர்க்க வேண்டும். பச்சை மாவை ருசி பார்க்கக் கூடாது. ஓவனைத் திறக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகவும் கூடாது, கண் எரியும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், வெளியே 3 டிகிரி குளிராக இருந்தாலும். ஆறியதும் வாடை போய்விடும். தடிமனான கேக்கில் மட்டும் இதைப் போடக் கூடாது, ஈரத்தில் வாடை உள்ளேயே அடைபட்டுவிடும்.

முக்கால் சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வெட்டி, அரை மணி நேரம் குளிர வைத்து, காற்றாடி ஓவனில் 160, காற்றாடி இல்லாததில் 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறம், நடுவில் வெள்ளை, அதுதான் பதம். எடுத்தவுடன் தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லையென்று பயந்து மறுபடி உள்ளே தள்ளுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. தட்டிலேயே 20 நிமிடம் விட்டால் தானாக இறுகும்.

ஆறிய பிறகு காற்றுப் புகாத டின். அதே டின்னில் கேக் துண்டை வைத்தால், கேக்கின் ஈரத்தை பிஸ்கட் இழுத்து இரண்டும் கெடும். ஆரஞ்சு ஜெல்லி வைத்துச் சாக்லேட் பூசிய ஜாஃபா கேக் என்பது கேக்கா பிஸ்கட்டா என்று இந்த நாட்டில் வழக்கே நடந்தது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வரி உண்டு, கேக்குக்கு இல்லை. பழசானால் கேக் காய்ந்து இறுகும், பிஸ்கட் இளகும் என்பதையும் ஒரு காரணமாக வைத்து, 1991-ல் அது கேக்தான் என்று தீர்ப்பானது. நமுத்துப்போனால் பிஸ்கட், காய்ந்துபோனால் பன் என்று அம்மாபேட்டையில் எந்த ஆயாவும் சொல்லியிருப்பார். நமுத்ததை 150 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் மீட்டுவிடலாம்.

இத்தனை செய்முறை கைவசம் இருந்தும், ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு கிலோ உப்பு பிஸ்கட் ஏறுவது நிற்கவில்லை. பால்கோவாவைக் கொண்டுவர அனுமதி இல்லை, பிஸ்கட்டுக்குத் தடை இல்லை. "அந்த ஊர்லயே இல்லாத ரொட்டியா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டேதான் அம்மாக்கள் கட்டிக் கொடுக்கிறார்கள். பாலித்தீன் பையில் போட்டால் தூள்தான் வந்து சேரும். எவர்சில்வர் தூக்கில் நிற்கவைத்து அடுக்கி, இடைவெளி இல்லாமல் துணியைத் திணித்து, பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும். அப்படியும் கால்வாசி உடையும். உடைந்ததை யாரும் கொட்டுவதில்லை. தூளை டம்ளரில் போட்டு, மேலே சூடான டீயை ஊற்றி, கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறார்கள்.