சேப்பாக்கம்னு சொன்னேன், தப்புன்னுட்டாங்க: ஒரு பப் குவிஸ் கப் மேட்ச் கதை

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து மோர்சாதம் சாப்பிட்டுக்கிட்டே வைஃப்கிட்ட முழுக் கதையும் சொல்லிட்டு இருந்தேன், அவ பாதியில நிறுத்தி "ஜெயிச்சீங்களா தோத்தீங்களா, அத மொதல்ல சொல்லுங்க"ன்னா. ஜெயிச்சோம். குவார்ட்டர் ஃபைனல் தாண்டியாச்சு. ஆனா அந்த மூணு பாயிண்ட் இன்னும் வயித்த எரிக்குது, எழுதித் தீத்தாதான் தூக்கம் வரும்.

நான் இருக்கறது மான்செஸ்டருக்குத் தெக்க, செஷயர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல. இங்க பப் குவிஸ்னா எல்லாருக்கும் தெரிஞ்சது பேப்பர்ல எழுதிக் குடுக்கறது, யார் வேணா போய் உக்காரலாம். லீக் அப்படி இல்ல. டீமுக்கு நாலு பேரு, ஹோம் அவேன்னு ஃபுட்பால் மாதிரி ஃபிக்சர், டிவிஷன், ப்ரமோஷன், ரெலிகேஷன் எல்லாம் உண்டு. உக்காந்திருக்கற சீட் வரிசைப்படி ஆளுக்கு ஒரு கேள்வியா வரும், உன் கேள்விக்கு நீயே சொன்னா ரெண்டு பாயிண்ட், டீம்கிட்ட கலந்து பேசி சொன்னா ஒண்ணு, தப்பா சொன்னா எதிர் டீமுக்குப் போகும், அவங்களுக்கு போனஸ் ஒண்ணு. இந்தப் பழக்கம் இந்த வடமேற்குப் பக்கம் ரொம்ப பழசு, மெர்சிசைடுல 1959லயே லீக் ஓடுச்சாம். லீக் போக தனியா நாக்அவுட் கப் ஒண்ணு இருக்கு. என் பிரச்சனை எல்லாமே இந்தக் கப்புலதான்.

நான் என்ன நினைச்சுட்டு போனேன்னா, நம்ம காலேஜ்ல கலக்கினவங்க, ஆகஸ்ட் 15 ஆனா மியூசிக் அகாடமி லேண்ட்மார்க் குவிஸ்ல போய் உக்காந்தவங்க, பப்புல இருக்கற நாலு பெருசுங்க என்ன பண்ணிடுவாங்கன்னு. மொத மூணு மேட்ச்லயே மண்ணக் கவ்விட்டேன். நம்ம ஊரு குவிஸ்ல கேள்விக்குள்ளயே ஒரு நூல் இருக்கும், பிடிச்சு இழுத்தா விடை வந்துடும். இங்க தெரிஞ்சா தெரியும், தெரியலன்னா தெரியாது, அவ்வளவுதான். 1960 டிசம்பர்ல ஆரம்பிச்சு இன்னும் ஓடிட்டு இருக்கற கொரோனேஷன் ஸ்ட்ரீட் சீரியல்ல யார் யாரைக் கட்டிக்கிட்டாங்க, ரெட் ரம் குதிரை கிராண்ட் நேஷனல் ஜெயிச்ச வருஷம் எது (1973, 74, 77, இப்ப தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன்), மோனோபொலில மேஃபேர் என்ன விலை. நாங்க ஆடினது பம்பாய் போட்ட பிசினஸ் போர்டுங்க, மேஃபேர கண்டோமா. ஒரு மேட்ச்ல பக்கத்து சீட்டுக்காரர் கேள்விக்கு விடை தெரிஞ்ச சந்தோஷத்துல வாய்க்குள்ள முணுமுணுத்துட்டேன், எதிர் டீம் கேப்டன் கை தூக்கிட்டாரு, அந்தக் கேள்வியே போச்சு. புதுசா சேர்றவங்க மொத நாலு வாரம் வாயில தண்ணி வச்சுக்கிட்டு உக்காருங்க.

எங்க கேப்டன் 71 வயசு, ரிட்டயர்ட் பஸ் டிரைவர். பேர் சொல்லிக் கூப்பிடுன்னு எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு வாய் வரல, கேப்டன்னே கூப்பிட ஆரம்பிச்சு இப்ப பார்ல இருக்கறவங்க கூட அப்படித்தான் கூப்பிடறாங்க. நமக்கு கேப்டன்னா வேற ஒருத்தர், அத இவருக்கு வீடியோ போட்டுக் காட்டினேன், சுவத்துல காலை வச்சு உதைக்கற சீனப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

சரி, போன வருஷக் கதை. கப்புல மொத ரவுண்டு, எங்களுக்கு மேல டிவிஷன் டீம், நாலு பாயிண்ட்ல அடிச்சோம். நானே பன்னெண்டு பாயிண்ட். வியாழக்கிழமை செக்ரட்டரிகிட்ட இருந்து மெயில்: பதிவு செய்யாத ஆட்டக்காரர் ஆடியதால் வெற்றி ரத்து. பதிவு செய்யாத ஆட்டக்காரர் யாருன்னா நான். லீக்ல அதுக்கு முன்னாடி மூணு மேட்ச் ஆடியிருக்கேன், எவனும் ஒண்ணும் கேக்கல. கப்புக்குத் தனி ஃபார்மாம், மேட்சுக்கு ஏழு நாள் முன்னாடி போய்ச் சேரணுமாம். அந்த ஃபார்மையும் நான் அனுப்பிட்டேங்க, ரூல் புக்ல போட்டிருந்த அட்ரஸுக்கே ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். அது பழைய செக்ரட்டரி வீடு. அவர் ஜூன்லயே பொறுப்ப விட்டுட்டாரு, ஏஜிஎம்ல, அதான் லீக்கோட வருஷாந்திரக் கூட்டத்துல, புது அட்ரஸ் சொல்லியாச்சு, கூட்டக் குறிப்புல இருக்குன்னு பதில். எங்க கேப்டன் ஏஜிஎம் போகல, அன்னிக்கு அவருக்கு பௌல்ஸ் மேட்ச், புல்தரையில பந்து உருட்டற ஆட்டம்.

புது செக்ரட்டரிக்கு ஃபோன் போட்டேன். பழையவர் கிட்ட அந்தக் கவர் இருக்கான்னு கேளுங்க, போஸ்ட்மார்க் தேதி பாருங்கன்னு கெஞ்சினேன். "அது எனக்கு வந்து சேரலையே"ன்னு ஒரே பதில், மூணு தடவ. நம்ம ஊரு தாலுகா ஆபீஸ்ல நின்ன ஞாபகம் வந்துடுச்சு, அங்கயாவது டீ வாங்கிக் குடுத்தா மொகம் மாறும். ஊர்ல இருந்து ஆள் இறக்கி ஆடறாங்கன்னு ஒரு பேச்சும் ஓடுச்சு, அத கேட்டப்பதான் சுருக்னு இருந்துச்சு. அந்த டீம் ஒண்ணும் பண்ணாம அடுத்த ரவுண்டு போனாங்க. ஆக ஃபார்ம் குடுத்தா மட்டும் பத்தாது, "கிடைத்தது"ன்னு ஒரு வரி பதில் மெயில் வாங்கி வச்சுக்கோங்க. இந்த வருஷம் நான் ஆகஸ்ட்லயே அனுப்பிட்டேன், பதில் வர்ற வரைக்கும் வாரா வாரம் மெயில் போட்டேன். நாலாவது வாரம் "பெறப்பட்டது"ன்னு ஒரே ஒரு வார்த்தை வந்துச்சு. பிரிண்ட் எடுத்து கார் டேஷ்போர்டுல வச்சிருக்கேன், இன்ஷூரன்ஸ் பேப்பர் கூட அவ்வளவு பத்திரமா வச்சதில்ல.

இந்த வருஷம் மொத ரவுண்டு அவே மேட்ச். ஃபிக்சர் லிஸ்ட்ல பப் பேர் மட்டும்தான் இருக்கும், அட்ரஸ் கிடையாது, எல்லாரும் உள்ளூர்க்காரங்க, தெரியும்னு நினைப்பு. இந்த நாட்டுல பப் பேருங்க எல்லாம் நம்ம ஊரு சரவண பவன் மாதிரி, தெருவுக்கு ஒரு ரெட் லயன், ஊருக்கு ஒரு ரெயில்வே. மேப்ல போட்டேன், மொதல்ல வந்தத அமுக்கினேன், மழையில போனேன். உள்ள போய் "குவிஸ் எங்க"ன்னு கேட்டா பார்ல இருந்த அம்மா "குவிஸ் வியாழக்கிழமைதான் லவ்"ன்னாங்க. அன்னிக்கு செவ்வாய். சரியான பப் ஒம்போது மைல் தள்ளி இன்னொரு ஊர்ல அதே பேர்ல இருக்கு. கேப்டன் ஃபோன் எடுக்கல, எப்படி எடுப்பாரு, மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லார் ஃபோனையும் வாங்கி ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு கவுண்டர்ல வச்சுடுவாங்க.

எட்டரைக்கு ஆரம்பம், கால் மணி நேரம் பொறுப்பாங்க, நான் போய்ச் சேர்றப்ப மணி எட்டு அம்பது. லேட்டா வந்தவன் ஹாஃப் டைமுக்கு அப்புறம்தான் உக்கார முடியும், அது வரைக்கும் என் சீட்டு கேள்விகள மத்த மூணு பேரும் கலந்து பேசி ஒரு பாயிண்டுக்கு மட்டும் ஆடலாம். நான் ஓரமா ஸ்டூல்ல உக்காந்து லைம் சோடா குடிச்சுட்டு வேடிக்கை பாத்தேன். என் காலி சீட்டுக்கு என்ன கேள்வி வருது தெரியுமா? 1956 ஓல்டு டிராஃபோர்டு டெஸ்ட்ல ஆஸ்திரேலியாவோட இருபது விக்கெட்ல ஜிம் லேக்கர் பத்தொம்போது எடுத்தாரு, மிச்சம் ஒண்ணு யாருக்கு? டோனி லாக்! எட்டாங் கிளாஸ்ல இருந்து தெரியும். எங்க ஆளுங்க மூணு பேரும் மேட்ச் நடந்த கிரவுண்டுல இருந்து பத்து மைல்ல பொறந்து வளர்ந்தவங்க, மூணு பேரும் தலைய சொறியறாங்க, நான் நாக்க கடிச்சுட்டு உக்காந்திருக்கேன். எதிர் டீம் தூக்கிட்டு போயிடுச்சு. நல்ல வேளை, செகண்ட் ஹாஃப்ல சமாளிச்சு அஞ்சு பாயிண்ட்ல தப்பிச்சோம்.

ரெண்டாவது ரவுண்டு சுலபமா முடிஞ்சது, ஹாஃப் டைம் சாப்பாடு தவிர. ஹோம் டீம் பப்புல சப்பர் போடுவாங்க, ஹாம் சாண்ட்விச், போர்க் பை, ஊறுகா வெங்காயம். என்ன மாதிரி சைவம்னா சிப்ஸ்தான் கதின்னு எடுத்தேன், அது மாட்டுக் கொழுப்புல பொரிச்சதுன்னு நல்ல மனசுக்காரர் ஒருத்தர் வந்து சொன்னாரு, பாதி தின்னதுக்கப்புறம். முந்தின நாளே சீஸ் வெங்காயம் சாண்ட்விச் வேணும்னு சொல்லி வச்சுடுங்க, சந்தோஷமா செஞ்சு தருவாங்க.

இப்ப போன செவ்வாய்க்கு வர்றேன். எதிர் டீம் முதல் டிவிஷன், நாங்க மூணாவது. டிவிஷனுக்கு அஞ்சு வீதம் எங்களுக்கு பத்து பாயிண்ட் ஆரம்பத்துலயே குடுத்துடுவாங்க. கப் மேட்ச்ல கேள்வி கேக்கறவர் ரெண்டு டீமுக்கும் சம்பந்தமில்லாத ஆளு, சீல் வச்ச கவர எங்க முன்னாடி கிழிச்சாரு. கடைசிக்கு முந்தின ரவுண்டு, நாங்க மூணு பாயிண்ட் மேல. என் சீட்டுக்கு கேள்வி: 1986ல இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடின டெஸ்ட் டையில முடிஞ்சது, எங்க நடந்துச்சு?

நான் பொறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணிங்க. அந்த ஸ்டேடியத்துக்கு நடந்தே போவோம். டீன் ஜோன்ஸ் அந்த வெயில்ல வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சாரே, கடைசியில மணீந்தர் சிங்குக்கு எல்பிடபிள்யூ குடுத்தாங்களே, அந்த அஞ்சாவது நாள் எங்க சித்தப்பா ஸ்டாண்டுல உக்காந்திருந்தவர், அது அவுட்டே இல்லன்னு இன்னிக்கும் கல்யாண வீட்டுல சண்டை போடுவாரு. டெஸ்ட் சரித்திரத்துலயே டை ரெண்டே ரெண்டுதான், 1960 பிரிஸ்பேன், அப்புறம் இது. நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு சொன்னேன், "சேப்பாக்கம்".

"நோ. ஓவர்." அதாவது தப்பு, கேள்வி எதிர் டீமுக்கு.

எதிர் டீம்ல ஒருத்தர் கூச்சத்தோட "மெட்ராஸ்?"னு இழுத்தாரு. "கரெக்ட்."

எனக்கு ரெண்டு நொடி காதே கேக்கல. சேப்பாக்கம் மெட்ராஸ்லதான் சார் இருக்கு, கிரவுண்டு பேரே அதான், ஊர விட துல்லியமா சொல்லியிருக்கேன்னு எந்திரிச்சே நின்னுட்டேன். அவர் கார்டைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு, "கார்டுல மெட்ராஸ்னு இருக்கு"ங்கறாரு. லார்ட்ஸ்னு ஒருத்தர் சொல்லி கார்டுல லண்டன்னு இருந்தா தப்புன்னு சொல்லுவீங்களான்னு கேட்டேன். நல்ல கேள்வின்னு எதிர் டீம்காரரே சிரிச்சாரு. ஆனா நான் பண்ணின தப்பு என்னன்னா, அப்பீல் கேப்டன் மட்டும்தான் பண்ணலாம், அடுத்த கேள்வி படிக்கறதுக்குள்ள பண்ணணும். நான் கத்திட்டு இருந்ததுல கேப்டனுக்கு பேச இடமே குடுக்கல, அவர் வாயத் திறக்கறதுக்குள்ள அடுத்த கேள்விய படிச்சுட்டாரு, முடிஞ்சு போச்சு. எனக்கு வர வேண்டிய ரெண்டு போய், அவங்களுக்கு ஒண்ணு ஏறி, மூணு பாயிண்ட் வித்தியாசம். இனிமே எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் கேப்டன் காலை மேசைக்குக் கீழ மிதிக்கறதுன்னு பேசி வச்சிருக்கோம்.

கடைசில 64-64. அந்த மூணு பாயிண்ட நினைச்சுப் பாருங்க.

டை பிரேக் ஒரே கேள்வி, நம்பர் எழுதிக் குடுக்கணும், கிட்டத்துல இருக்கறவங்க ஜெயிச்சாங்க. பென் நெவிஸ் மலை எத்தனை மீட்டர்? கேப்டன் உடனே காதுல "நாலாயிரத்து நானூத்தி ஆறு அடி"ன்னாரு, ஸ்கூல்ல படிச்சதாம். அப்புறம் அப்படியே உறைஞ்சுட்டாரு, மீட்டர்ல அவருக்கு ஒண்ணும் தெரியாது. எதிர் பெஞ்சுலயும் அதே கதைதான், அடியில தெரியுது, மாத்த வரல, பெருசுங்க நாலு பேரும் விரல் விடறாங்க. அடியும் மீட்டரும் மாத்தறது நமக்கு ஒரு விஷயமா? பத்திரத்துல சதுர அடி, பட்டாவுல ஹெக்டேர், நடுவுல சென்ட், கிரவுண்டுன்னு அப்பா கூட ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து கணக்கு போட்ட பரம்பரை. 3.28 ஆல வகுத்தேன், 1343ன்னு எழுதினேன். அவங்க 1400. கார்டுல 1345. 2016ல திரும்ப அளந்து ஒரு மீட்டர் ஏத்தியிருக்காங்களாம், கேப்டன் சொன்ன அடிக்கணக்கு அதுக்கும் முந்தினது. பரவால்ல, ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு ஜெயிச்சோம்.

கேப்டன் என்ன கட்டிப்பிடிச்சு தூக்கப் பாத்தாரு, முட்டி சரியில்லன்னு பாதியில விட்டுட்டாரு. கேள்வி கேட்ட மனுசன் கிளம்பறப்ப என்கிட்ட வந்து, "அந்த ஊர இப்ப சென்னைன்னு தானே சொல்றாங்க?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "அப்ப மெட்ராஸும் தப்புதானோ"ன்னு சொல்லிட்டு குடைய எடுத்துக்கிட்டு போயிட்டாரு.

செமி ஃபைனல் டிரா நேத்து வந்துருச்சு. நடுநிலை பப்பாம். மெயில்ல பப் பேர் மட்டும் போட்டிருக்காங்க, அட்ரஸ் இல்ல, தேடினா இருபது மைலுக்குள்ள அதே பேர்ல மூணு இருக்கு. போஸ்ட்கோடு அனுப்புங்கன்னு செக்ரட்டரிக்கு மெயில் போட்டிருக்கேன். இன்னும் பதில் வரல.