மற்ற அரைவாசி

சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி ரொறன்ரோவுக்கு வந்த இரவு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பெயர்தான்: டெலிமாக்கஸ்.

1986, பத்தாம் வகுப்பு, மத்தியானத்துக்குப் பிறகு வரும் ஆங்கிலப் பாடம். அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு என்னை எழுப்பினார். ஹோமரின் ஒடிசி காவியத்தின் நாயகன் ஒடிசியசின் மகன் என்று தெரியும். பெயரின் கருத்து? "டெலி என்றால் தொலைக்காட்சி, சேர்." வகுப்பே சிரித்தது. "அரைவாசி சரி. மற்ற அரைவாசி வரும்வரைக்கும் வாங்கிலை ஏறி நில்." கண் கலங்கியதை ஒருவரும் பார்த்துவிடக் கூடாதென்று கூரையைப் பார்த்தபடி நின்றேன்.

நிற்கவைத்தபடியே விளக்கினார். கிரேக்கத்தில் 'டெலே' தொலைவு, 'மாக்கே' போர். போருக்குத் தொலைவில் இருப்பவன். தகப்பன் ட்ரோய் நகரத்துப் போருக்குப் போனபோது இவன் கைக்குழந்தை. பத்து வருடம் போர், பத்து வருடம் கடல், 20 வருடமும் இவன் தகப்பன் இல்லாமலே வளர்ந்தான். அந்தக் காலத்தில் தகப்பனின் கதைதான் பிள்ளைக்குப் பெயராம். ட்ரோயின் வீரன் ஹெக்டர் நகரைக் காத்ததால் அவன் மகனை ட்ரோய் மக்கள் அஸ்டியானாக்ஸ், 'நகரின் தலைவன்' என்றார்கள். பெரிய கேடயம் தாங்கிய கிரேக்க வீரன் அயாக்சின் மகன் யூரிசாக்கஸ், 'அகன்ற கேடயம்'.

"டெலிமாக்கசுக்கு இன்னொரு விளக்கமும் இருக்கு, நாளைக்குச் சொல்லுறன்" என்றபோது மணி அடித்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் நடக்கவில்லை. இரவிரவாக ஷெல் விழுந்திருந்தது. ஒரு மாதத்துக்குள் அப்பா என்னைக் கொழும்புக்கு அனுப்பினார், அப்புறம் இங்கே. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது சேரும் நாவற்குழிப் பாலத்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாராம். நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன்.

மற்ற விளக்கத்தை இங்கே நூலகத்தில்தான் கண்டேன். தொலைவிலிருந்து போரிடுபவன், வில்லாளி. தகப்பன் வீட்டில் விட்டுப்போன வில்லை நினைத்து வைத்த பெயராக இருக்கலாம். ஒடிசியின் 21ஆம் பாகத்தில் டெலிமாக்கஸ் அந்த வில்லுக்கு நாணேற்ற மூன்று முறை முயல்கிறான். நான்காவது முறை முடிந்திருக்கும். பிச்சைக்காரன் வேடத்தில் திரும்பியிருக்கும் தகப்பன் சைகையால் தடுத்துவிடுகிறான். அந்த இடத்தை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இதைத்தானே சேர் சொல்ல இருந்தீர்கள் என்று ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாம். என்னோடு படித்த ஒருவன் அவருடைய இலக்கத்தை 2009இல் எழுதித் தந்தான். அந்தத் துண்டு என் மேசை லாச்சியில் இருக்கிறது.